பழைய படகைத் திருத்திக் கடலில் இறக்குவதற்கு முன்

மீளக்குடியேறி வந்து வளவைத் துப்புரவாக்கும்போது பற்றைக்குள் கவிழ்ந்து கிடக்கும் பைபர் படகு ஒன்று உங்கள் கண்ணில் படலாம். அது உங்களுடையதாக இருக்கலாம். தகப்பனாருடையதாகவோ, இன்று வீட்டில் இல்லாத ஒருவருடையதாகவோ இருக்கலாம். நிறம் வெளுத்து, விளிம்பு உடைந்து, அடியில் ஓட்டைகளோடு இருந்தாலும், அதைத் திருத்தினால் மீண்டும் தொழிலுக்குப் போகலாம் என்ற எண்ணம் எவருக்கும் வரும். புதிய படகு வாங்கக் கையில் பணம் இல்லாத நேரத்தில் அந்த எண்ணம் நியாயமானதே.

பைபர் கிளாஸ் என்று நாம் சொல்லும் கண்ணாடியிழைப் படகு நீண்ட காலம் உழைக்கக்கூடியது. மரத்தைப் போல அதைக் கறையான் அரிக்காது. உடைந்த இடத்தை வெட்டி, முறைப்படி மீண்டும் கட்டினால், அந்த இடம் பழைய உறுதிக்கு ஏறத்தாழச் சமமாக வரும். ஆனால் இந்தப் படகுகளில் ஒரு ஆபத்தும் உண்டு. உள்ளே இருக்கும் பழுதை ஒரு பூச்சு நிறமை முற்றாக மறைத்துவிடும். கரையில் புதியது போலத் தெரியும் படகு, கரையிலிருந்து பல கிலோமீற்றர் தொலைவில் இயந்திரத்தோடு பின்பலகை கழன்று போகும்போதுதான் தன் உண்மை நிலையைக் காட்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் எமது கரைகளுக்கு ஏராளமான படகுகள் அவசரமாகக் கட்டி வழங்கப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதி தரம் குறைந்தவை என்பதை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உட்படப் பல அமைப்புகள் பின்னர் சுட்டிக்காட்டின. அந்த அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு: கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கே முதலில் பணத்தைச் செலவிடுங்கள். அடிப்பகுதி, பின்பலகை, மிதப்பு ஆகிய மூன்றும் சரியான பிறகே நிறமையைப் பற்றி யோசியுங்கள்.

இக்கட்டுரை 18 முதல் 23 அடி வரையான, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டும் பைபர் படகுகளுக்கானது. மர வள்ளங்களைத் திருத்துவது வேறு வேலை. அதற்கு அனுபவமுள்ள ஓடாவி ஒருவரை நாடுங்கள்.

1. படகை அசைக்க முன்

போர்க்காலத்தில் கைவிடப்பட்ட படகை ஒருபோதும் உடனே இழுக்கவோ, புரட்டவோ, மணலைத் தோண்டி வெளியே எடுக்கவோ வேண்டாம். படகின் கீழும், உள்ளே நிரம்பிய மண்ணிலும், சுற்றியுள்ள பற்றையிலும் மிதிவெடிகளோ வெடிக்காத வெடிபொருட்களோ இருக்கக்கூடும்.

• அந்த இடம் மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட பகுதியா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.
• மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகைக்கோ, குறிநாடாவுக்கோ அப்பால் படகு கிடந்தால், அது உங்களுடைய படகாகவே இருந்தாலும் உள்ளே போகாதீர்கள்.
• சந்தேகத்துக்குரிய பொருள் எதையாவது கண்டால் தொடாதீர்கள், கல்லெறியாதீர்கள், அருகில் தீ மூட்டாதீர்கள். வந்த வழியே திரும்பி வந்து, மற்றவர்கள் போகாதபடி சொல்லிவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119.
• படகின் உடலில் இரும்புத் துண்டுகள் ஏறியிருந்தால் அவை என்னவென்று தெரியாமல் வெட்டவோ தட்டவோ வேண்டாம்.

பிள்ளைகள் இத்தகைய படகுகளில் ஏறி விளையாட விரும்புவார்கள். இடம் பாதுகாப்பானது என்று உறுதியாகும்வரை அவர்களை அண்டவிடாதீர்கள்.

2. படகு யாருடையது?

பணம் செலவழிப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை காணுங்கள். இடப்பெயர்வின்போது பலர் தங்கள் படகுகளை வேறு ஊர்க் கரைகளில் விட்டுச் சென்றார்கள். இன்று உங்கள் கரையில் கிடக்கும் படகின் சொந்தக்காரர் நாளை திரும்பி வரலாம். நீங்கள் திருத்தி முடித்த பிறகு அவர் வந்தால் இரண்டு குடும்பங்களுக்கும் மனக்கசப்பே மிஞ்சும்.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுகள் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தில் பதிவுசெய்யப்பட வேண்டும். பழைய படகின் அணியத்தின் இரு பக்கமும் பதிவு இலக்கம் எழுதப்பட்டிருக்கும். நிறமை உரிந்திருந்தாலும், பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி பார்த்தால் எழுத்துகளின் தடம் பெரும்பாலும் தெரியும். அதைத் தாளில் எழுதி, முடிந்தால் படம் பிடித்து, உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் கொடுங்கள். தடத்தைப் பதிவுசெய்யும்வரை அந்த இடத்தைச் சுரண்டவோ உரஞ்சவோ வேண்டாம்.

• படகு உங்கள் பெயரில் இருந்து ஆவணங்கள் தொலைந்திருந்தால்: கிராம அலுவலரின் உறுதிப்படுத்தற் கடிதம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதம், கையிலுள்ள பழைய பற்றுச்சீட்டு, பழைய புகைப்படம் என எது கிடைத்தாலும் கொண்டு செல்லுங்கள்.
• படகு இறந்துபோன ஒருவரின் அல்லது காணாமற்போன ஒருவரின் பெயரில் இருந்தால்: பெயர் மாற்றத்துக்கு என்ன ஆவணங்கள் வேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்திலும் கடற்றொழில் அலுவலகத்திலும் கேளுங்கள். மனம் ஆயத்தமாகாவிட்டால், படகை நிழலில் கவிழ்த்து வைத்துவிட்டுக் காலம் எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக வைக்கப்பட்ட படகு காத்திருக்கும்.
• படகு வேறொருவருடையதாக இருந்தால்: சங்கத்தின் முன்னிலையில் எழுத்தில் உடன்பாடு செய்துகொண்ட பிறகே கைவையுங்கள்.

3. திருத்தலாமா, விடலாமா?

படகை நன்னீரால் நன்றாகக் கழுவுங்கள். உப்பும் பாசியும் போன பிறகே பழுது தெரியும். பின்னர் ஒரு நாளை முழுவதும் சோதனைக்கு ஒதுக்குங்கள். இதற்குத் தேவையானவை ஒரு சிறிய சுத்தியல், ஒரு சுண்ணக்கட்டி, ஒரு துண்டுப் பொலித்தீன், ஒரு துளைகருவி மட்டுமே.

தட்டிப் பாருங்கள். சுத்தியலின் பிடியால் அல்லது ஒரு நாணயத்தால் அடிப்பகுதி முழுவதும் சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே படைகள் பிரிந்த இடமோ நீர் ஊறிய இடமோ மந்தமாக, மட்டையில் தட்டுவது போலக் கேட்கும். மந்தமாகக் கேட்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள்.

ஈரத்தைப் பாருங்கள். சந்தேகமான இடத்தில் ஒரு சதுர அடித் தெளிந்த பொலித்தீனை வைத்து நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு பகல் வெயிலில் விடுங்கள். பொலித்தீனின் உட்புறம் நீர்த்துளிகள் படிந்தால், அந்த இடம் இன்னும் ஈரமாக உள்ளது. ஈரத்தின் மேல் ஒட்டும் எதுவும் நிற்காது.

பின்பலகையைப் பாருங்கள். இயந்திரம் பூட்டும் பின்பலகையின் நடுவில் பெரும்பாலும் பிளைவூட் இருக்கும். ஆணித் துளைகள் வழியாக நீர் இறங்கி, வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் உள்ளே பலகை உக்கிவிடும். உட்பக்கமாக, கீழ்ப்பகுதியில், ஒரு சிறிய துளை இட்டு வெளிவரும் தூளைப் பாருங்கள். உலர்ந்த வெளிர்நிறத் தூள் வந்தால் நல்லது. ஈரமான கபில நிறக் கூழ் வந்தால் பலகையை மாற்ற வேண்டும். நல்லதாக இருந்தால் துளையை உடனே அடைத்துவிடுங்கள்.

அடிமுதுகைப் பாருங்கள். படகை முன்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். அடிமுதுகு நேராக இருக்கிறதா, முறுகியிருக்கிறதா? பல ஆண்டுகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்த படகு உருமாறியிருக்கலாம். முறுகிய படகு நேரே ஓடாது.

இப்போது முடிவெடுங்கள். ஓட்டைகள் சில, விளிம்பு உடைவு, பின்பலகை உக்கல் என்ற அளவில் இருந்தால் வீட்டில் திருத்தலாம். அடிமுதுகு முறிந்திருந்தாலோ, அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டமிடப்பட்டிருந்தாலோ, தீயில் கருகியிருந்தாலோ விட்டுவிடுங்கள். தீப்பட்ட இடத்தில் றெசின் எரிந்து இழை மட்டுமே மிஞ்சியிருக்கும். அதற்கு வலு இல்லை. ஒருவரின் நினைவாக நீங்கள் அந்தப் படகைப் போற்றலாம். அதற்காக இன்னொருவரை அதில் ஏற்றிக் கடலுக்கு அனுப்ப வேண்டியதில்லை. அதன் நல்ல பகுதிகளை, இருக்கைப் பலகைகளை, கொளுவிகளை வேறு படகுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

4. செலவைக் கணக்கிடுங்கள்

வேலையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் பணம் முடிந்தால், திறந்து கிடக்கும் படகு முன்பிருந்ததைவிடக் கெட்டுவிடும். அதனால் முதலில் அளந்து, எழுதி, இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள்.

ஒரு உதாரணம். உங்கள் படகின் அடிப்பகுதி 6 மில்லிமீற்றர் தடிப்பு. அதில் 30 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட ஓட்டை ஒன்று உள்ளது.

• கடையில் ‘மாட்’ என்று கேட்கும் கண்ணாடியிழை விரிப்பு, சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ளது பொதுவாகக் கிடைக்கும். அதன் ஒரு படை றெசினோடு சேர்ந்து ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புத் தரும். ஆகவே 6 படை வேண்டும்.
• ஓட்டையின் ஓரத்தை எல்லாப் பக்கமும் 7 சென்ரிமீற்றர் சரிவாக உரஞ்ச வேண்டியிருப்பதால், மேற்படை ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் சதுரமாக வரும். எல்லாப் படைகளுக்குமாக ஒரு சதுர மீற்றரை அண்மித்த மாட் போதும். அதன் எடை 400 முதல் 450 கிராம்.
• மாட்டின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு றெசின் வேண்டும். அதாவது ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக.
• ஹார்ட்னர் ஒரு கிலோ றெசினுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர். எமது வெயிலில் 10 மில்லிலீற்றரை அண்டியே தொடங்குங்கள்.

இவ்வாறு ஒவ்வொரு பழுதுக்கும் கணக்கிட்டுக் கூட்டுங்கள். சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு சேருங்கள். தூரிகை, உருளை, உரஞ்சு தட்டு, அசற்றோன், கையுறை, முகமூடி ஆகியவற்றையும் எழுதுங்கள். பழைய றெசினை மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். வெப்பத்தில் நீண்டகாலம் கிடந்த றெசின் கெட்டியாகிப் பயனற்றுவிடும்.

5. வேலை செய்யும் இடம்

கூரையுள்ள, காற்றோட்டமான இடம் வேண்டும். நான்கு பக்கமும் அடைத்த அறையில் வேலை செய்யாதீர்கள். றெசினின் ஆவி தலைச்சுற்றலையும் மூச்சுச் சிரமத்தையும் உண்டாக்கும். கிடுகுக் கொட்டில் நிழலுக்கு நல்லது. ஆனால் றெசின், அசற்றோன், ஹார்ட்னர் எல்லாமே தீப்பற்றக் கூடியவை. அடுப்பு, பீடி, சிகரெட், விளக்கு எதுவும் அருகில் இருக்கக்கூடாது. ஒரு வாளி மணலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள்.

கவனம்:

• ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் அதை ஊற்றாதீர்கள். பட்டுவிட்டால் உடனே சுத்தமான நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.
• வேகமூட்டி எனப்படும் ஊதா நிறத் திரவம் பெரும்பாலும் கடையிலேயே றெசினில் கலந்திருக்கும். தனியாகத் தந்தால், முதலில் அதை றெசினில் நன்றாகக் கலந்த பிறகே ஹார்ட்னரைச் சேருங்கள். வேகமூட்டியும் ஹார்ட்னரும் நேரடியாகக் கலந்தால் வெடித்துத் தீப்பற்றும். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கவும் வேண்டாம்.
• ஹார்ட்னரைக் குடிநீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். அது தண்ணீரைப் போலவே தெரியும்.
• மிஞ்சிய றெசின் கிண்ணத்திலேயே கிடந்தால் தானாகச் சூடாகிப் புகையும். மணலில் பரப்பி இறுக விடுங்கள்.
• உரஞ்சும்போது பறக்கும் கண்ணாடித் தூசி தோலையும் நுரையீரலையும் பாதிக்கும். முகமூடி, நீண்ட கைச்சட்டை அணியுங்கள். பிள்ளைகளையும் காயப்போட்ட துணிகளையும் தூர வையுங்கள்.
• கிணற்றடியில் தூரிகை கழுவாதீர்கள். மணலிலும் சுண்ணாம்புக் கல்லிலும் ஊற்றுவது விரைவில் கிணற்றுக்கே போய்ச் சேரும்.

மாரி மழை தொடங்கும் முன்னர் பைபர் வேலையை முடிக்கத் திட்டமிடுங்கள். மழை நாளிலும், பனி இறங்கும் நேரத்திலும் றெசின் சரியாக ஒட்டாது. கடும் வெயிலில் அது கிண்ணத்திலேயே இறுகிவிடும். நிழலில், பனி காய்ந்த பிறகான காலை நேரமே ஏற்றது.

6. ஓட்டையை அடைத்தல்

ஓட்டையின் மேல் ஒரு துண்டு மாட்டை ஒட்டி நிறமை பூசுவது பலர் செய்யும் வேலை. அது சில வாரங்களில் அலை அடித்து உரிந்துவிடும். புதிய பைபர் பழையதைப் பற்றிப்பிடிக்க அகலமான சரிவு வேண்டும். இதுவே இந்த வேலையின் உயிர்.

முதலில், உடைந்த ஓரங்களை நல்ல இடம் வரும்வரை வெட்டி எடுங்கள். குண்டுச் சிதறல் துளை வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே படைகள் பிரிந்திருக்கும். மீண்டும் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிக்கும் இடம்வரை வெட்டுங்கள்.

இரண்டாவதாக, படகின் உட்புறத்திலிருந்து ஓரத்தைச் சரிவாக உரஞ்சுங்கள். தடிப்பைப் போல 12 மடங்கு அகலம் வேண்டும். 6 மில்லிமீற்றர் தடிப்புக்கு 7 சென்ரிமீற்றர். கிறைண்டரில் சொரசொரப்பான தட்டைப் பூட்டி உரஞ்சினால் இலகு. உரஞ்சிய இடம் முழுவதும் மினுக்கம் இல்லாமல் மங்கலாக இருக்க வேண்டும். பிறகு தூசியைத் துடைத்து, அசற்றோனால் ஒருமுறை துடையுங்கள். அதன்பின் கையால் தொடாதீர்கள்.

மூன்றாவதாக, வெளிப்புறத்தில் வழுவழுப்பான, வளையக்கூடிய தகடு ஒன்றை வைத்து ஓட்டையை மூடுங்கள். றெசின் அதில் ஒட்டாமலிருக்க முதலில் மெழுகு பூசுங்கள். தகடு படகின் வளைவோடு ஒட்டி நிற்கும்படி முட்டுக்கொடுங்கள்.

நான்காவதாக, மாட்டை முன்கூட்டியே வெட்டி அடுக்குங்கள். முதல் துண்டு ஓட்டையைவிடச் சற்றுப் பெரிது. அடுத்தடுத்த துண்டு ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிது. கடைசித் துண்டு சரிவு முழுவதையும் மூடும்.

ஐந்தாவதாக, அரைக் கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். ஹார்ட்னரை மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல், ஊசி இல்லாத மருந்துக் குழாயால் அளந்து ஊற்றி ஒரு நிமிடமாவது கலக்குங்கள். குறைந்தால் இறுகாது. கூடினால் நொறுங்கும் தன்மை வரும். தொடங்கு முன் சிறிதளவு கலந்து, எத்தனை நிமிடத்தில் இறுகுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாவதாக, சரிவில் றெசினைப் பூசி, முதல் துண்டை வைத்து, தூரிகையால் இழுக்காமல் குத்திக் குத்தி நனையுங்கள். உருளையால் காற்றை வெளியேற்றுங்கள். மாட் நன்றாக நனைந்தால் ஒளி ஊடுருவும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்றோ உலர்ந்த இழையோ உள்ளது. ஒரே தடவையில் மூன்று நான்கு படைக்கு மேல் வேண்டாம், சூடு ஏறிச் சுருங்கும். சூடு தணிந்த பிறகு மீதியை இடுங்கள். அடுத்த நாளுக்கு மேல் தாமதித்தால் மேற்பரப்பை மீண்டும் உரஞ்சிவிட்டே தொடருங்கள்.

இறுகிய பின் வெளித்தகட்டைக் கழற்றி, அந்த இடத்தை இலேசாக உரஞ்சி ஜெல்கோட் பூசுங்கள். அதுதான் நீர் உள்ளே ஊறாமல் காக்கும் தோல்.

7. பின்பலகை

25 குதிரைவலு இயந்திரம் ஏறத்தாழ 50 கிலோ. அது படகைத் தள்ளும் விசை முழுவதும் இந்தப் பலகை வழியாகவே உடலுக்குப் போகிறது. பலகை உக்கியிருந்தால் வெளியே பட்டி அடித்து இறுக்குவது தீர்வு அல்ல.

உட்புறத் தோலை, ஓரங்களில் 5 சென்ரிமீற்றர் விட்டு, வெட்டி எடுங்கள். வெளித்தோலைக் காப்பாற்றுங்கள். உக்கிய பலகையை உளியால் முழுமையாகச் சுரண்டி எடுங்கள். கொஞ்சம் மிஞ்சினாலும் அதிலிருந்து உக்கல் பரவும். பிறகு நன்னீரால் கழுவி, பல நாள் காயவிட்டு, பொலித்தீன் சோதனை செய்யுங்கள்.

புதிய பலகைக்குக் கடலுக்கான பிளைவூட் வாங்குங்கள். 18 அல்லது 20 மில்லிமீற்றர் பலகை இரண்டை ஒன்றோடொன்று ஒட்டினால் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் தடிப்பு வரும். ஓரங்களுக்கும் துளைகளுக்கும் றெசினை இரண்டு மூன்று தடவை ஊட்டுங்கள். பிளைவூட் நீரைக் குடிப்பது ஓரத்தால்தான். பின் வெளித்தோலின் உட்பக்கத்தை உரஞ்சி, ஈர மாட் ஒரு படை இட்டு, பலகையை அழுத்தி இறுக்கிகளால் கவ்வி வையுங்கள். இறுகிய பின் உட்புறமாக நான்கு ஐந்து படை மாட் இடுங்கள். இந்தப் படைகள் பலகையோடு நின்றுவிடாமல் பக்கச் சுவரிலும் அடியிலும் 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை ஏறி ஒட்ட வேண்டும். மூலைகளைக் கூர்மையாக விடாமல் றெசின் களியால் வளைவாக்கினால் மாட் காற்றில்லாமல் படியும்.

உயரத்தை அளக்க மறக்காதீர்கள். குறுந்தண்டு இயந்திரத்துக்கு ஏறத்தாழ 15 அங்குலமும், நெடுந்தண்டு இயந்திரத்துக்கு 20 அங்குலமும் பின்பலகை உயரம் வேண்டும். இயந்திரத்தை வாங்குவதற்கு முன்னரே இதைப் பொருத்திப் பாருங்கள். போல்ட் போகும் ஒவ்வொரு துளையையும் றெசினால் அடைத்து, கடலுக்கான அடைப்புப்பசை இட்ட பிறகே போல்ட்டை இறுக்குங்கள்.

8. மிதப்பு: உயிரைக் காக்கும் இடம்

மர வள்ளம் நீர் நிறைந்தாலும் மிதக்கும். பைபர் நீரைவிடக் கனமானது. உள்ளே மூடிய காற்றறையோ மிதப்புப் பொருளோ இல்லாவிட்டால், நீர் நிறைந்த பைபர் படகு இயந்திரத்தோடு அடிக்குப் போகும். மிதப்பு இருந்தால் அது கவிழ்ந்தாலும் நீர்மட்டத்தில் கிடக்கும். தேடி வருபவர்களுக்கு, நீரில் தத்தளிக்கும் ஒரு மனிதத் தலையைவிடக் கவிழ்ந்த படகு எளிதில் தெரியும். படகைப் பிடித்துக்கொண்டிருப்பவர் பிழைக்கிறார்.

எவ்வளவு மிதப்பு வேண்டும்? வெற்றுப் படகு 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நீருக்குள் அதன் எடை மூன்றில் ஒரு பங்காக, ஏறத்தாழ 100 கிலோவாகக் குறையும். இயந்திரம் 50 கிலோ. நங்கூரம், கருவிகள் 20 கிலோ. பிடித்துத் தொங்கும் மூவருக்கு ஆளுக்கு 15 கிலோ வீதம் 45 கிலோ. மொத்தம் 215. ஒரு லீற்றர் காற்று ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். சிறிது கூடுதலாக 260 லீற்றர் என்று கொள்ளுங்கள். அது 20 லீற்றர்க் கலன்கள் 13.

படகின் பழைய மிதப்பறைகளைத் திறந்து பாருங்கள். பலவற்றில் நீர் நிரம்பியிருக்கும், அல்லது உள்ளிருந்த பஞ்சு நீர் குடித்துக் கனத்திருக்கும். சுத்தப்படுத்தி, காயவைத்து, இறுக மூடிய பிளாஸ்ரிக் கலன்களை அடுக்கி மீண்டும் மூடலாம். அறை இல்லாவிட்டால் இருக்கைப் பலகைகளின் கீழ் பட்டிகளால் இறுகக் கட்டுங்கள். அமிழும்போது ஒவ்வொரு கலனும் 20 கிலோ விசையோடு மேலே தள்ளும். மெல்லிய நூல் அறுந்துவிடும். இரு பக்கமும் சமமாகவும், இயந்திரத்தின் எடைக்காகப் பின்பக்கம் கூடுதலாகவும் வையுங்கள். ரெஜிபோம் பயன்படுத்துவதாயின், அது றெசினிலும் பெற்றோலிலும் கரைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

9. கடலில் சோதனை

ஒரு அமைதியான நாளில், இடுப்பளவு நீரில், இயந்திரம் இல்லாமல் படகை இறக்குங்கள். இயந்திரத்தின் எடைக்குச் சமமான இரும்பைப் பின்பலகையில் கட்டுங்கள். ஒரு மணி நேரம் மிதக்கவிட்டு உள்ளே கசிவு உண்டா என்று பாருங்கள். பின் வாளியால் நீரை அள்ளி விளிம்புவரை நிரப்புங்கள். படகு சமமாக, விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலே தெரியும்படி நிற்கிறதா? நின்றால் உங்கள் மிதப்பு போதும். அமிழ்ந்தாலோ ஒரு பக்கம் புரண்டாலோ கலன்களைக் கூட்டி, இடம் மாற்றி, மீண்டும் பாருங்கள். ஊர்க்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். இந்தச் சோதனையைக் கரையில் செய்வதே நல்லது.

பிறகு இயந்திரத்தைப் பூட்டி, கரையோரமாக மெதுவாக ஓட்டுங்கள். ஒருவர் பின்பலகையின் மூலைகளைக் கவனிக்கட்டும். மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் திரும்பி வாருங்கள். முதற்கிழமை முழுவதும் வேறொரு படகின் துணையோடு, கரை தெரியும் தூரத்திலேயே தொழில் செய்யுங்கள். முதல் கடல் அமைதியான பருவத்தில் அமையட்டும். முல்லைத்தீவுக் கரைக்கு வாடைக் காலமும், சிலாவத்துறை, அரிப்புப் பக்கத்துக்குச் சோளகக் காலமும் புதிதாகத் திருத்திய படகைச் சோதிக்கும் காலங்கள் அல்ல.

கடலுக்குப் போக முன் ஒருமுறை சரிபாருங்கள்

• படகின் பதிவும் மீன்பிடி அனுமதிப்பத்திரமும் கையில் உள்ளனவா? திருத்திய படகைக் கடற்றொழில் பரிசோதகர் பார்த்துவிட்டாரா?
• பதிவு இலக்கம் இரு பக்கமும் தெளிவாக எழுதப்பட்டுள்ளதா?
• படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா?
• நீர் இறைக்க வாளி, துடுப்பு, நங்கூரம், கயிறு, ரோச் லைற், குடிநீர் உள்ளனவா?
• எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டிலும் சங்கத்திலும் சொல்லிவிட்டீர்களா?
• மாதம் ஒருமுறை மிதப்புக் கலன்களின் மூடிகளையும் பின்பலகைப் போல்ட்டுகளையும் பார்க்க ஒரு நாளைக் குறித்துவிட்டீர்களா?

எல்லாவற்றுக்கும் ஆம் என்றால், மிஞ்சிய பணத்துக்கு நிறமை வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் நல்ல பிரகாசமான நிறமாகத் தேர்ந்தெடுங்கள். நீலக் கடலில் நீலப் படகைத் தேடுவது கடினம்.